பாளையக்காரர் பேசிய தமிழ்

"ஏண்டா தீர்த்தகிரி, படையைப் போருக்குக் கூப்பிடுறியா, இல்லே எழவுச் சேதி சொல்லிட்டுப் போறியா?"

தண்டாயுதபாணி வாத்தியார் கையிலிருந்த நாடகப் பிரதியைத் தரையில் ஓங்கி அடித்தார். ஈட்டியோடு நின்ற நாலு படைவீரர்களும் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள்.

தீர்த்தகிரி மறுபடி ஆரம்பித்தான். "ஹே, வீரசிகாமணிகளே! பிராண பயத்தைப் பரித்தியாகம் செய்து சமர பூமிக்கு ஏகுவீராக!"

பரித்தியாகத்தில் நாக்கு இடறி விழுந்து எழுந்தது.

நாடகக் கம்பெனி புதுச்சத்திரத்தில் முகாம் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. ராஜபார்ட் நடிகர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்கு ஓடிவிட்டார். அதனால்தான் பத்து வருஷமாக ஈட்டி பிடித்தவனுக்குப் பாளையக்காரர் வேடம் கிடைத்தது. தோற்றுத் துவண்டு கிடக்கும் படையைப் பாளையக்காரர் கடைசிப் போருக்கு எழுப்ப வேண்டும். அந்த ஒரு காட்சியில்தான் எல்லாமே முட்டிக்கொண்டு நின்றது.

"சனிக்கிழமை நாடகம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். சரிப்படலேன்னா சேலத்திலிருந்து வேற ஆளைப் பஸ் ஏத்திக் கொண்டு வந்துடுவேன். நீ பழையபடி ஈட்டியைத் தூக்கிக்கோ."

தீர்த்தகிரி மூலையில் சாய்த்திருந்த தன் பழைய ஈட்டியைப் பார்த்தான். இந்த வேடம் போனால் இனி ஜென்மத்துக்கும் கிடைக்காது. ஜலகண்டாபுரம் பக்கத்தில் ஒரு பண்ணையாளின் மகனாகப் பிறந்தவன் அவன். அப்பனையும் அவனையும் ஊர் 'ஏண்டா' என்றுதான் கூப்பிட்டது. ராஜா எப்படிப் பேசுவார் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

வெள்ளிக்கிழமை விடியலில், ஒத்திகை நடக்கும் பருத்திக் கிடங்குக்குப் பின்னால் வேப்பங்குச்சியை மென்றபடி வசனத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தான். மதிலுக்கு அந்தப்புறம் ராசப்பனின் வீட்டு வளவு. ஊரில் பாதி நிலம் அவருடையது. வேலையாட்களுக்கு அவர் 'பண்ணாடி'. அங்கிருந்து அவருடைய குரல் வந்தது.

"எந்திரிங்க சாமி. நேத்துப் பூராவும் உங்களைப் போட்டு வதைச்சுப்புட்டனுங்க. காலு நோவுதுங்களா? எனக்குத் தெரியாதுங்களா? மேக்கால காட்டு உழவு ஒண்ணுதானுங்க பாக்கி. நீங்க ரெண்டு பேரும் மனசு வெச்சாத்தான் எங்கூட்டு அடுப்பு எரியும். நீங்க முன்னால நடங்க, நான் பின்னாலயே வாரேன்."

தீர்த்தகிரி மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

சற்று நேரத்தில் வளவின் கதவு திறந்தது. இரண்டு உழவு மாடுகளை ஓட்டிக்கொண்டு, தோளில் கலப்பையோடு இரண்டு பண்ணையாட்கள் வந்தார்கள். பின்னாலேயே ராசப்பன் வந்தார்.

சொன்னபடியே பின்னால் வருகிறாரே! பண்ணையாட்களைச் சாமி என்கிறாரே, கால் நோகிறதா என்று கேட்கிறாரே! இப்படியும் ஒரு மனுஷரா! அப்பனுக்கு இப்படி ஒரு பண்ணாடி வாய்த்திருந்தால் நான் ஊரை விட்டே ஓடி வந்திருக்க மாட்டேன் என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கியது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. ஆளத் தெரிந்தவர் அதட்ட வேண்டியதில்லை. இந்தச் சீமையை ஆண்ட பாளையக்காரரும் இப்படித்தான் பேசியிருப்பார்.

அன்றைய ஒத்திகையில் அவன் கத்தவில்லை. படுத்துக் கிடந்த வீரன் ஒருவன் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"எந்திரிங்க சாமி. நேத்து உங்களை வதைச்சுப்புட்டனுங்க. காலு நோவுதுங்களா? எனக்குத் தெரியாதுங்களா? இன்னைக்கு ஒரு நாளுதானுங்க. நான் முன்னால போறேன், நீங்க பின்னால வாங்க."

படுத்திருந்தவன் தன் முறை வருவதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டான்.

வாத்தியார் தாடையைச் சொறிந்தார். "ராஜா எங்கேயாவது 'ங்க' போட்டுப் பேசுவானாடா?"

"இந்தப் பக்கத்து ராசா பேசுவாருங்க, வாத்தியாரே."

 வாத்தியார் பென்சிலை எடுத்துப் பரித்தியாகத்தை ஒரே கோடாக அடித்தார்.

சனிக்கிழமை கொட்டகை கொள்ளாத கூட்டம். பாளையக்காரர் படைவீரனின் காலைத் தொட்டு, "எந்திரிங்க சாமி" என்றபோது, தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் முழங்காலில் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். காட்சி முடிந்ததும் முன்வரிசை நாற்காலியில் இருந்த ராசப்பன்தான் முதலில் கை தட்டினார்.

நாடகம் முடிகையில் பொழுது விடிந்துவிட்டது. தீர்த்தகிரி தேங்காயெண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். தட்டி ஓரம் ஒருவன் தயங்கி நின்றான். அன்று கலப்பையோடு போன இருவரில் ஒருவன்.

"கும்புடறனுங்க. எம்பேரு கந்தனுங்க. பண்ணாடி ராசப்பன் பண்ணையத்துல இருக்கறனுங்க. நீங்க காலைத் தொட்டுப் பேசினப்ப என்னையறியாம அழுதுட்டனுங்க. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

தீர்த்தகிரிக்கு உச்சி குளிர்ந்தது. "எல்லாம் உங்க பண்ணாடி புண்ணியமுங்க அண்ணா. முந்தாநாள் விடியக்காலம் அவரு உங்க ரெண்டு பேரையும் எழுப்பினதை மதிலுக்கு இந்தப்புறம் நின்னு கேட்டனுங்க. அதைத்தான் மேடையில சொன்னேன். நீங்க கொடுத்து வெச்சவங்க."

கந்தன் திருதிருவென விழித்தான்.

"எங்களை அவரு எழுப்புனதே இல்லீங்களே! கோழி கூப்படறதுக்கு முந்தியே நாங்க வாசல்ல வந்து நிக்கோணும். நின்னாலும் 'ஏண்டா'தானுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நீங்க கேட்டது ஏர்மாட்டுக்குச் சொன்னதுங்க சாமி. மனுசனைப் பாத்து அப்பிடிச் சொல்லி நான் கேட்டது, ராத்திரி உங்க வாயிலதானுங்க."