படம் வராத இடத்தில்

"இன்னிக்குச் சாயங்காலம் கண்டிப்பா எடுத்துடறேன்," என்றார், ஷூவுக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக.

எடுக்க வேண்டியது என் முகத்தை.

என் கணவர் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறவர். விளையாட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நிற்கும் புரோகிராமை எழுதுவது அவர் வேலை. 'இந்தச் சுவருக்கு இந்தப் படம், அந்தக் கதவுக்கு அந்தச் சத்தம்' என்று விளையாட்டு கேட்டுக்கொண்டே இருக்கும். இவருடைய புரோகிராம் எடுத்துக் கொடுக்க வேண்டும். "ஓட்டல் சர்வர் பொழப்புதான். சமைக்கிறது யாரோ, சாப்பிடறது யாரோ, திட்டு மட்டும் நமக்கு" என்பார்.

கேட்ட படம் இன்னும் வரையப்படவில்லை என்றால், அந்த இடத்தில் ஒரு மாற்றுப் படம் வந்து நிற்கும். மற்றவர்கள் அதற்குக் கண்ணைக் குத்தும் ரோஸ் நிறம் வைப்பார்களாம். இவர் என் பாஸ்போர்ட் போட்டோவை வைத்திருந்தார்.

ஸ்டூடியோ வாசலில் என்னை இரண்டு மணி நேரம் காக்க வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்த நாளில் எடுத்தது. அதில் நான் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் வந்து நின்ற இவரைப் பார்க்கிறேன்.

"ரோஸ் கலர்னா பசங்க மாசக்கணக்கா சகிச்சுக்கிறாங்க. உன் மொறைப்பைப் பார்த்தா மறுநாளே வரைஞ்சு குடுத்துடறாங்க," என்று பெருமையடித்துக்கொண்டார்.

பொறுத்துக்கொண்டேன், தம்பி மகள் எங்கள் வீட்டுக்கு வந்து அந்த விளையாட்டைப் பார்க்கும் வரை.

"அப்பா, ஆடு எல்லாத்துலயும் அத்தை இருக்காங்க," என்று போனில் சொன்னாள்.

எண்பது ஆடுகள். முன்னாலும் நான், பின்னாலும் நான். போனில் தம்பி சிரித்த சிரிப்பு அடுக்களை வரை கேட்டது.

அதனால்தான் அன்று காலை அந்தச் சண்டை. சாயங்காலம் எடுத்துவிடுகிறேன் என்று அவர் சொன்னது அது பதினைந்தாவது தடவை.

"எடுக்கலைன்னா வீட்டுக்கு வராதீங்க," என்றேன்.

"வருவேன். என்ன, கொஞ்சம் லேட்டாகும்," என்று இன்னொரு காலையும் ஷூவுக்குள் விட்டார்.

பதினொரு மணிக்கு அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை.

துக்கம் கேட்க வந்த எல்லோரும், கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டார்கள். அவர் பேசியதைச் சொன்னேன். நான் பேசியதைச் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து, அவரோடு வேலை பார்த்த பெண் மடிக்கணினியும் கையுமாக வந்தாள். விளையாட்டு அடுத்த வாரம் வெளியாகப் போகிறது. படங்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ஆடுகள் ஆடுகளாகிவிட்டன. ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் நான் மிச்சம்.

"அண்ணி, இந்த ஜன்னலுக்குப் படம் வேணும்னு அண்ணா யார்கிட்டயும் கேட்கவே இல்லை. புரோகிராம்ல அந்த வரிக்குப் பக்கத்துல, 'இது தப்பு இல்லை, யாரும் சரி பண்ணாதீங்க'ன்னு எழுதி வெச்சிருக்கார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே." மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். "உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். எடுத்துடவா?"

எந்த வீட்டு ஜன்னல் என்று கேட்டேன்.

விளையாட்டின் வீரன் காடு, கடல், பாலைவனம் எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் வந்து சேரும் வீடாம். அவனுடைய வீடு. அங்கே வந்துவிட்டால் விளையாட்டு முடிந்தது.

"இருக்கட்டும்," என்றேன்.

எனக்கு விளையாட வராது. வீரனைச் சுவரில் முட்டவிடுகிறேன், கிணற்றில் தள்ளுகிறேன். ஆடுகள்கூட அவனை முந்திக்கொண்டு போகின்றன. மற்றவர்கள் பத்து நிமிடத்தில் நடக்கும் கடைசித் தெருவைக் கடக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

எப்படியோ கொண்டுவந்து வாசலில் நிறுத்துகிறேன். எவ்வளவு தாமதமாக வந்தாலும் கதவு திறக்கிறது.

ஜன்னலில் நான் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.