பொன்னாடை போர்த்தியவள்

தங்கமாரி பொன்னாடையை விரித்தாள். உலகப் பணத்தின் கடிவாளத்தை ஒரு காலத்தில் கையில் பிடித்திருந்த கனவான், குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

ஒரகடத்து உதிரிபாக ஆலையின் கேன்டீன் கைதட்டியது.

வில்லார்ட் கோல்மன். அமெரிக்க மைய வங்கியில் எழுத்தராக நுழைந்து ஆளுநர் குழுவில் அமர்ந்தவர். இன்று, இந்த ஆலையை வாங்கிய முதலீட்டு நிறுவனத்தின் ஆலோசகர்.

சற்றுமுன்தான் தம் வாழ்க்கையைச் சொல்லி முடித்திருந்தார். எஃகு ஆலையில் வேலை இழந்த தகப்பனுக்குப் பிறந்தாராம். படித்தாராம், உயர்ந்தாராம். விலைவாசி கொதித்த ஆண்டில், வட்டியை ஏற்றக் கையுயர்த்தினாராம். இலட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்களாம், நாடு பிழைத்ததாம். அதன் பிறகும் தாம் நன்றாகவே உறங்கியதாக அவர் சொன்னபோது மேடை சிரித்தது. அவரோடு சென்னையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் சுபஸ்ரீ அதையும் தமிழாக்கினாள். தரையும் சிரித்தது.

தங்கமாரி சிரித்தது அதற்காக அன்று.

அவள் ஒப்பந்தத் தொழிலாளி. ஆலை அவளை நிரந்தரமாக்கினால் திருமணம் தள்ளிப்போகும். ஆக்காவிட்டால், மனைவியைப் புதைத்த தாய்மாமன் கொம்பையாவுக்குத் தையில் கழுத்தை நீட்ட வேண்டும். அந்த வாக்கைக் கொடுத்துவிட்டுத்தான் தென்காசியில் வண்டி ஏறினாள்.

நிரந்தரமாவோர் பெயர் வருவது இன்று. இன்று பார்த்து அவளை மேடையேற்றுகிறார்கள். நல்லதற்கு அல்லாமல் வேறெதற்கு?

காலையில் சூப்பர்வைசர் சிவசங்கர் அவள் முகத்தைப் பாராமல் சொன்னார்.

"உன்ன ரிலீவ் பண்ணியாச்சு. லைன்ல ரஞ்சனி நிப்பா. நீ கேன்டீனுக்குப் போ, சால்வ போட ஆள் கேக்குறாங்க."

ஆலையில் அது அன்றாடச் சொல். சிறுநீர் கழிக்கப் போவதற்கும் ஒருத்தி வந்து ரிலீவ் செய்ய வேண்டும். வரும்வரை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

கோல்மன் பொன்னாடையைத் தடவியபடி, அவளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார்.

"என்னைய ரிலீவ் பண்ணிட்டாவ, அய்யா. அதாம் இங்க நிக்கேன்" என்றாள் தங்கமாரி, பல் தெரிய.

சுபஸ்ரீக்கு ஆலையின் பேச்சு தெரியாது, ஆங்கிலம் தெரியும். அந்தச் சொல்லை அதன் சொந்த மொழியில், வேலையை விட்டு விடுவித்துவிட்டார்கள் என்ற அதன் சொந்தப் பொருளில் அவரிடம் சேர்த்தாள்.

கோல்மன், மேடையிலிருந்த ஆலை மேலாளரின் பக்கம் சாய்ந்தார். ஆட்குறைப்பை மாலையில் அறிவிப்பதாகத்தானே பேச்சு என்றார். மேலாளரின் கண்கள் சிவசங்கரைத் தேடின. சிவசங்கர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனவானின் கண்கள் கலங்கின. ஒலிவாங்கியைப் பற்றினார். வேலை இழந்தோரைத் தம் பணிக்காலம் முழுவதும் எண்களாகவே கண்டதாகவும், முகமாகக் காண்பது இதுவே முதல்முறை என்றும், அந்த முகம் சிரிக்கிறது என்றும் ஆங்கிலத்தில் முழங்கினார்.

மேடை எழுந்து நின்று கைதட்டியது. மேடை எழுந்ததால் தரையும் எழுந்தது.

தங்கமாரியும் தட்டினாள். தட்டியபடியே சுபஸ்ரீயின் காதருகே குனிந்தாள்.

"என்னக்கா சொல்லுதாரு? பெர்மனென்ட்டா?"

சுபஸ்ரீ தன் ஒலிவாங்கியை அணைத்தாள்.

ஆமாம் என்று தலையசைத்தாள்.