நாற்பத்தாறு

வேம்பு தஞ்சாவூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவளுடைய அம்மா காத்தாயி, நடவுக்கூலிப் போராட்டத்தில் இரண்டு முறை சிறைக்குப் போய்வந்தவள். எழுபத்திரண்டாம் வருடம் தை மாதத்தில் கருப்பைப் புற்று அவளைக் கொண்டுபோனது. சிகிச்சையின்போது எடுத்த சதையின் செல்கள் மட்டும் ஆய்வுக்கூடத்துக் குப்பிகளில் பெருகிக்கொண்டிருந்தன. மனிதச் செல்லில் நாற்பத்தாறு குரோமோசோம்கள் இருக்கும். இவற்றில் அறுபத்தொன்று இருந்தன. கட்டுக்குலைந்த அந்தச் செல்கள் ஓயாமல் பிரிந்தன, சாகவே இல்லை. வாரம் இருமுறை வேம்புதான் அவற்றுக்கு ஊட்டநீர் மாற்றுவாள்.

அதே வருடம் ஆடியில், நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசு எடுத்த நிலத்தில், அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்த ஓர் ஏக்கருக்கு அவள் பேரிலேயே பட்டா வந்தது. மறுநாள் வேம்பு குரோமோசோம்களை எண்ணினாள். நாற்பத்தாறு.

"குப்பி மாறியிருக்கும்," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் காயாரோகணம்.

மூன்று குப்பிகளிலும் அப்படித்தான் இருந்தது. வேறு யாருடைய செல்லையும் அங்கே வளர்க்கவில்லை. டாக்டர் வெகுநேரம் மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"புத்து இப்படித் திரும்பி வராது, வேம்பு. ஆனா இது நல்ல செல்லுதான்."

"அப்ப அம்மாவுக்குக் குணமாயிடுச்சுங்களா சார்?"

"நல்ல செல்லுக்கு ஆயுசு உண்டும்மா. அம்பது தடவை பிரியும். அப்புறம் நின்னுடும்."

வேம்பு ஒரு வாரமும் தவறாமல் ஊட்டநீர் மாற்றினாள். மார்கழியில் செல்கள் பிரிவது குறைந்தது. தை பிறந்தபோது அவை அகன்று, தளர்ந்து, ஒவ்வொன்றாகக் குப்பியின் அடியிலிருந்து கழன்று மிதந்தன.

அன்று வேம்பு விடுப்பு விண்ணப்பத்தில், 'அம்மா இறந்துவிட்டார்' என்று எழுதினாள். போன தையிலும் அவள் அதையேதான் எழுதியிருந்தாள். டாக்டர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.