மூன்று பேருக்கு ஒருத்தி

கோவை கூடைப்பந்து அணியின் கேப்டன் தமயந்தி மகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தபோது, கணவன் இளம்பரிதி மேலாளரின் கடிதத்தோடு வந்து நின்றான்.

"உன்னை லக்னோ டீமுக்குக் கொடுத்துட்டாங்க."

"பதிலுக்கு யாருங்க வர்றாங்க?"

அவன் தொட்டிலைக் காட்டினான். குழந்தை பிறந்த அன்று நடந்த வருங்கால ஆட்டக்காரர்கள் தேர்விலேயே லக்னோ அணி மகளைத் தனக்கென்று எடுத்திருந்தது. பதினெட்டு வயதில் அவர்களுக்குத்தான் ஆட வேண்டும். இப்போது அந்த உரிமையைக் கோவை வாங்கிவிட்டது. இனி அவள் கோவையிலேயே வளர வேண்டும்.

தமயந்தி குழந்தையின் நீண்ட விரல்களை நீவிவிட்டாள். "எனக்குப் பதிலா இவளையாங்க?" என்று அழுதாள்.

"நீ மட்டும் பத்தாதுன்னு லக்னோக்காரங்க இன்னும் ரெண்டு பேரைக் கேட்டு வாங்கியிருக்காங்க."

அழுகையினூடே அவளுக்குச் சிரிப்பு பொங்கியது.

"என்னை வாங்குனப்ப ஒருத்தியைத்தான் கொடுத்தாங்க," என்றாள், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி. "எம்பொண்ணுக்கு மூணு பேரு!"