கிளைவியாவுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

"என் செடியைத் தண்ணி ஊத்தியே கொல்றாங்க யாரோ" என்று இட்லித் தட்டைக் கணவன் முன்னால் 'ணங்'கென்று வைத்தாள் ஜானகி.

வெங்கடரமணன் நிமிரவில்லை. செஞ்சி கடைத்தெருவில் அவருக்கு வேர்க்கடலை மண்டி.

"தண்ணி ஊத்தினா செடி வளரும்பாங்க. உன் செடி மட்டும் செத்துப்போகுமா?"

"அது கிளைவியாங்க, மலைப் பக்கத்துப் பூச்செடி! குளிர்காலத்துல ரெண்டு மாசம் காயப் போட்டாத்தான் தையில மொட்டு வைக்கும்னு, கோத்தகிரியிலருந்து கொண்டாந்தப்பவே தம்பி சொன்னான். குளிச்சுட்டு வந்து விரலை விட்டுப் பார்த்தேன். மண்ணு சொதசொதன்னு இருக்குது. வேர் அழுகினா அவ்ளோதான்."

"தை கடைசிதான் கெடு. அதுக்குள்ள பூக்கலைன்னா அந்த மூலையில மூட்டை அடுக்கிடுவேன்."

வீட்டில் வெயில் எட்டாத குளிர்ந்த மூலை அது ஒன்றுதான். கிளைவியாவுக்கும் அதுதான் வேண்டும், கடலை மூட்டைக்கும் அதுதான் வேண்டும். மூன்று வருஷமாக இலை இலையாகத் துடைத்து வளர்த்தும் ஜானகி இன்னும் ஒரு பூவைப் பார்க்கவில்லை. அவள் சந்தேகம் யார் மேல் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் குளித்துவிட்டு வந்ததும், "ரேஷன்ல சர்க்கரை போடறாங்களாம். வர மத்தியானம் ஆவும்" என்று உரக்கச் சொல்லிக் கிளம்பினாள். தெரு முனை வரை போய், புழக்கடை வழியாகத் திரும்பி வந்தாள்.

மண்டிக்குப் போயிருக்க வேண்டிய மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டி முன்னால் குந்தியிருந்தார். ஒரு கையில் சொம்பு. இன்னொரு கை முழுக்கச் சேறு.

"மாட்டினீங்களா!"

சொம்பு நழுவி உருண்டது. "நீ... சர்க்கரை?"

"கெட்டுது போங்க சர்க்கரை! நாலு மூட்டை கடலைக்காக வாயில்லாத செடியைக் கொல்றீங்களே, நீங்க மனுஷனா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன நினைத்தாரோ, "ஆமா, நான்தான் ஊத்தினேன். இப்ப இன்னான்ற?" என்றார்.

"இனிமே இது இந்த வீட்ல இருக்காது. அடுத்த வீட்டு அனந்தமதி அக்காகிட்ட குடுத்துடறேன். அவங்க ஜைனரு. எறும்பு மேல கால் படாம நடக்கறவங்க."

"ஐயையோ! வேற எங்க வேணா குடு. அங்க மட்டும் வேணாம்!"

"உங்க கை எட்டாதுன்னு பயமா?"

கூப்பிட்ட குரலுக்கு அனந்தமதி வந்தாள். மகளை மேல்சித்தாமூரில் கட்டிக்கொடுத்த பிறகு தனியாக இருப்பவள். தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, ஜானகியின் காதருகே குனிந்தாள்.

"நல்ல வேளை குடுத்தே. ரெண்டு மாசம் சொட்டுத் தண்ணி காட்டக் கூடாதுன்னு நீ சொன்னப்பவே எனக்கு நெஞ்சு அடைச்சுது. ஓரறிவு உயிரானா என்ன, உயிர்தானே? எங்க நோன்புல கூட தண்ணி உண்டும்மா. அதான் தினம் நீ குளிக்கப் போற நேரமாப் பார்த்து, துணியில வடிகட்டின தண்ணியா ஒரு சொம்பு ஊத்திட்டுப் போவேன். கோச்சுக்காதே."

ஜானகி திரும்பிப் பார்த்தாள். வெங்கடரமணன் கூரையில் ஓடு எண்ணிக்கொண்டிருந்தார்.

"அக்கா... இடம் மாத்தினா செடிக்கு ஆகாதாம். மறந்துட்டேன்" என்று தொட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அனந்தமதி வாடிய முகத்தோடு போனாள்.

"அப்ப நீங்க?"

"அவங்க ஊத்துவாங்க. நான் தொட்டியைச் சாய்ச்சுச் சொம்புல வடிச்சுட்டு, ஈர மண்ணை வழிச்சு எடுத்துட்டுக் காய்ஞ்ச மணல் போடுவேன். நாப்பது நாளா இதான் பொழப்பு. உள்ள பாரு."

விலக்கிய இலைகளுக்கு நடுவே கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு மொட்டுத் தண்டு.

ஜானகி மொட்டை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். "ஊத்தாதீங்கன்னு அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே? பழியை ஏன் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

"எங்கிட்ட நீ போடற சண்டை சாயங்காலக் காபியோட தீர்ந்துடும். அவங்க கையால தண்ணி வாங்கிக் குடிக்க இந்தச் செடி ஒண்ணை விட்டா வேற யார் இருக்காங்க?"

ஜானகி விறுவிறுவென்று புழக்கடைச் சுவரோரம் போனாள்.

"அக்கா! நாளைக்கும் மறக்காம வந்து ஊத்திட்டுப் போங்க. பாவம், இது தாகம் தாங்காது!"