இன்னும் ஒரு கிண்ணம்

ஆன்லைன் செஸ்ஸில் ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் அவகாசம். இன்று பொழுது சாய்ந்தால் அதுவும் முடிந்துவிடும். சிக்னலோ குன்றின் உச்சியில்தான் கிடைக்கும். குதிரையில் விரைந்து வந்த சோய்ஜிலை அடிவாரக் கூடாரத்து டாம்டின் மறித்தான்.

"என்னண்ணே, அப்படி என்ன அவசரம்?"

"மேல போயி ராணிய நகர்த்தணும்டா. எவனோ 'சாம்பல் ஓநாய்'னு ஒருத்தன், இன்னைக்கு செத்தான்."

"செத்தவன் எங்க ஓடிடப்போறான்? ஒரு கிண்ணம் குடிச்சிட்டுப் போங்க."

புளித்த குதிரைப்பாலை நீட்டியபின் மறுப்பது மங்கோலியனுக்கு அழகல்ல. குடித்தான். கிண்ணம் மறுபடி நிரம்பியது. பின்னாலேயே ஆட்டுக்கறியும் வந்தது.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. நேரம் முடிந்து தோற்றிருந்தான். சாம்பல் ஓநாய் காலையிலேயே அனுப்பிய செய்தி ஒன்று காத்திருந்தது:

"அண்ணே, மேல ஏறுற வழியில நம்ம கூடாரத்துல இறங்கிட்டுப் போங்க. உங்களுக்காகவே ஆடு வெட்டியிருக்கேன்."