மைனஸ் முப்பத்தேழு

மைனஸ் முப்பத்தேழைக் கணினி ஏற்க மறுத்தது.

'மீன்களின் எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் கண்டித்தது. எங்கள் அலுவலகத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர் வேறு யாரும் இல்லை.

பட்டியல் அனுப்ப மாலை ஐந்து மணி கடைசி. மணி நாலே முக்கால்.

பத்து மீனுக்குக் குறைவாக உள்ள ஓடைகளையெல்லாம் சாக்கடை என்று அறிவித்து, மேலே சிமெண்ட் பலகை போட்டு மூடிவிடுவதாகத் திட்டம். என் ஓடையின் தலையெழுத்து அந்த ஒரு கட்டத்துக்குள் இருந்தது.

என் ஓடை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. மீன்வளத் துறையின் களப் பணியாளராகப் பதினோரு வருடம் அதில் முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறேன். பெற்ற மகளே என்னை 'விலாங்கம்மா' என்றுதான் கூப்பிடுகிறாள்.

காலையில்தான் அதிகாரி மீன் எண்ண வந்திருந்தார். மூன்று நாள் மழையில் ஓடை பெருகி, கடலுக்குச் சற்று முன்னால் இருக்கும் தடுப்புச் சுவரின் மேல் வழிந்துகொண்டிருந்தது.

அந்த வெள்ளத்துக்காகத்தான் விலாங்கு மீன்கள் காத்திருந்தன. விரல் நீளத்தில் கடலிலிருந்து ஏறி வந்து, கல்லிடுக்கில் எட்டு வருடம், பத்து வருடம் வளர்ந்தவை. இப்போது கை தடிமன். ஒவ்வொன்றாகச் சுவரின் மேல் வழுக்கிக் கடல் பக்கம் இறங்கின.

எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பத்தேழு. கடைசிச் சிலவற்றைச் சந்தோஷத்தில் சத்தமாகவே எண்ணினேன்.

அதிகாரி குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கழித்தல் கோடு போட்டார்.

"சார், அதுங்க கடல்ல முட்டை போடத்தான் போகுது. குஞ்சுங்க திரும்ப ஓடைக்குத்தான் வரும்" என்றேன்.

"வரட்டும்மா, வந்ததும் ப்ளஸ் போட்டுக்கலாம். இப்ப போறது போறதுதானே?"

அவர் கெட்டவர் இல்லை. படிவம் போகிற திசையில் போகிறவர், அவ்வளவுதான். மேலே ஏறி வந்த மீன் ஒன்றும் இல்லை. போனது முப்பத்தேழு. கூட்டிக் கழித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

கணினி மறுத்த சேதியைச் சொல்ல அவருக்கே போன் போட்டேன். எதையோ மென்றுகொண்டே, அந்த மைனஸை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பச் சொன்னார். இதற்கெல்லாமா தன்னைக் கூப்பிடுவது என்று சலித்துக்கொண்டார்.

எடுத்தேன்.

'ஓடையில் உள்ள மீன்கள்: முப்பத்தேழு.'

பச்சை விளக்கு எரிந்தது. கூச்சநாச்சம் இல்லாமல் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அன்றைக்கு அலுவலகம் முழுவதற்கும் என் செலவில் டீ.

மறு வாரம் மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. சாக்கடைப் பட்டியலிலிருந்து ஓடை நீக்கப்பட்டது. அந்த வரியை மட்டும் மூன்று முறை படித்தேன். மகளுக்கு போன் செய்து வாசித்தும் காட்டினேன்.

பிறகுதான் பக்கத்தைத் திருப்பினேன்.

'மேற்படி முப்பத்தேழு மீன்களும் கடலுக்குத் தப்பிச் செல்லாதவாறும், கடலிலிருந்து வேற்று மீன் குஞ்சு ஒன்றுகூட உள்ளே நுழையாதவாறும், முகத்துவாரத்தை நிரந்தரமாக இரும்பு வலையால் அடைக்க வேண்டும். வலையின் கண் தீக்குச்சி நுழையும் அளவுக்கு மேல் இருத்தல் கூடாது.'

கீழே, 'பணியை முன்னின்று நடத்தும் பொறுப்பு' என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, அதைப் பிழையில்லாமல் அடித்திருந்தார்கள்.